பொன் சிவக்கும் இடம்

மார்ச் 4

என் பொடிசுக்கு,

அப்பா நலம். முழங்கால் மட்டும் தனி ஆளாக நின்று என்னோடு மல்லுக்கு நிற்கிறது. போனில் உன் குரல் டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி கேட்கிறது. அதனால் மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். "மெதுவா சொல்லுங்க பெரியவரே, இது கை, மெஷின் இல்லை" என்று இப்போதே அலுத்துக்கொள்கிறார்.

போன மாதம் வந்தபோது என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போனாயே, அது சௌக்கியமா? ஆயுசு முழுக்கச் சுவருக்கு வண்ணம் அடித்தவன் ரத்தம், பாதி டிஸ்டம்பராகத்தான் இருக்கும். ஞாபகம் தப்புகிற நோயை வெளிச்சத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பாய்? நீ அவசரத்தில் சொன்னது மண்டையில் ஏறவில்லை. டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிறார். இதை எழுத மாட்டேன் என்றார், விடவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா (கைநாட்டு)


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்துக் காட்டும் அத்தைக்கு முதலில் என் வணக்கம்.

ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் தங்கத்தைப் பொட்டுப் பொட்டாகப் பதிக்கிறோம் அப்பா. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் பொட்டு வைக்கலாம், அவ்வளவு பொடி. அத்தனை சின்னதாகிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. வெளிச்சம் அதில் மாட்டிக்கொண்டு தடுமாறும்போது சிவந்து தெரிகிறது. சாயம் கிடையாது, பூச்சு கிடையாது. நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் ஒரு வேண்டாத புரதம் சேர ஆரம்பிக்கும். அது பொட்டின் மேல் வந்து ஒட்டினால் அந்தச் சிவப்பு வேறு நிறத்தின் பக்கம் இம்மியளவு நகரும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் அதற்குள்ளேயே நடப்பது போல இருக்கும். காலடியில் தரை இருக்காது, ஆனால் விழவும் மாட்டேன்.

வயதானவர் ரத்தம் ஒன்றும் நோயில்லாத இளவயது ரத்தம் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வயதானவர் நீங்கள். நோயில்லாததற்கு என் விரலையே குத்திக்கொண்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆரோக்கியமான ஆளைத் தேடி எங்கே போவது?

உங்கள் பொடிசு


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

முடிவு இன்னும் சொல்கிற நிலையில் இல்லை. சில்லுகளை மறுபடி பார்க்கிறேன்.

சும்மா கேட்கிறேன். நான் முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோது என்ன சட்டை போட்டிருந்தேன்? நாம் முதலில் இருந்த வீட்டின் கதவு என்ன நிறம்? நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? உடனே பதில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பொடிசு


ஏப்ரல் 11

என் பொடிசுக்கு,

சட்டை பச்சைக் கட்டம். இடதுபக்கம் பொத்தான் அறுந்து உன் அம்மா ஊக்கு குத்தியிருந்தாள். மழைத் தூறல். குடை எனக்கு, தொப்பி உனக்கு. வாசலில் நீ அழவில்லை, நான்தான் மூக்கை உறிஞ்சினேன். கதவு நீலம். நான் அடித்த நீலம் இல்லை, எனக்கு முன்னால் எவனோ அடித்துத் திட்டுத் திட்டாக விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேற்று ரொட்டியும் பாலும். ரொட்டி காய்ந்தது.

சரி, இப்போது நான் கேட்கிறேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று எந்த மகள் கடிதம் போட்டுக் கேட்பாள்? "உங்க பொண்ணு உங்களுக்குப் பரீட்சை வைக்குதுங்க" என்று டைப்பிஸ்ட் அம்மாவே சொல்லிவிட்டார். என் சில்லு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதானே? அதற்கா இத்தனை சுற்றி வளைக்கிறாய்? இந்த வயதில் எனக்கு மறந்தால் என்ன, மறக்காவிட்டால் என்ன. ஒளிக்காமல் சொல்.

அப்பா (கைநாட்டு)


ஏப்ரல் 24

அப்பா,

நகர்ந்தது உங்கள் சில்லு இல்லை. உங்களுடையது அசையவே இல்லை. நகர்ந்தது என்னுடையது.

முதலில் சில்லுகளை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அது உங்கள் ரத்தமாக இருக்கட்டும் என்று. அதற்காகத்தான் அந்தக் கேள்விகள். ஒன்றுக்காவது தப்பாகப் பதில் வராதா என்று காத்திருந்தேன் அப்பா. நீங்கள் ஊக்கைக்கூட விடவில்லை.

புதிதாக ரத்தம் எடுத்தும் பார்த்துவிட்டேன். அதே நகர்வு. நோய் வர இன்னும் இருபது வருஷம் ஆகலாம், வராமலே போகலாம். யாராலும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அடுத்த அறையில்தான் இருக்கிறார்.

பெற்ற அப்பாவுக்கு நோய் வரட்டும் என்று நினைத்தவள் நான். எழுத மனமில்லை என்றால் எழுத வேண்டாம்.

பொடிசு


மே 3

என் பொடிசுக்கு,

டைப்பிஸ்ட் அம்மா பாதியில் நிறுத்திவிட்டார். "பெரியவரே, இது உங்களுக்குன்னு எழுதினது. நான் படிக்கலாமா?" என்றார். "உங்களை விட்டா எனக்கு ஏது கண்ணு, படிங்கம்மா" என்றேன். படித்து முடித்துக் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். ஜன்னலில் வெயில் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, போய்விட்டது.

நீ ஏதோ ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாய். கடிதம் வந்ததிலிருந்து நானும் அதையேதான் ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அது என் சில்லாக இருந்திருக்கக் கூடாதா என்று. இதில் உன்னை என்னவென்று கோபித்துக்கொள்வது?

ஒன்று சொல்கிறேன், கேள். நீ பிறந்த அன்று யார் வீட்டிலோ சாரத்தின் மேல் நின்று வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தேன். தொட்டதில் உன் நெற்றியெல்லாம் வெள்ளை. "பிள்ளையா சுவரா, பார்த்துத் தொடுங்க" என்று உன் அம்மா படுத்த படுக்கையில் சிரித்தாள். நீ ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாய். அப்புறம் நடந்தாய், விழுந்தாய், நிலாவைக் கேட்டு அடம் பிடித்தாய். இதில் ஒன்றாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை. அதனால் நீ குறைந்து போய்விட்டாயா? உனக்குத் தெரியாத உன்னை நான் வைத்திருந்தேன். நீ நிம்மதியாக வளர்ந்தாய்.

அந்த நோய் வந்தாலும் இப்படித்தான். வைத்துக்கொள்ள ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். எனக்கு இன்னும் இருபது வருஷம் கிடையாது, அது உனக்கே தெரியும்.

மாப்பிள்ளை அடுத்த அறையில்தானே இருக்கிறார். எழுந்து போ.

அப்பா (கைநாட்டு)