ஷார்ஜா டிக்கெட்டும் உடைந்த மூக்கும்

ஜெய்சன்,

சாளை மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. தையல் போட்ட கையை நனைக்காமல் சாப்பிடுங்க. டிராவல்ஸ்காரனின் மச்சினன்மார் கம்பியோடு உங்களை அமரவிளை முழுக்கத் தேடுகிறார்களாம். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதீங்க.

ஹெல்மெட்டால் அவன் மூக்கை உடைத்தீர்கள். ரத்தம்தான் வந்தது, நம் ரெண்டு ஷார்ஜா டிக்கெட்டும் வரவில்லை. அன்றைக்கே சொன்னேன்: "கிரெடிட் கார்டில குடுங்க, அவன் ஏமாத்தினா பேங்கில புகார் குடுத்து ரூபாயைத் திரும்ப வாங்கலாம்." நீங்க கேட்டீங்களா? "எட்டீ, கார்டுன்னா கமிஷன் கூடும். அக்கவுண்டிலருந்து நேரா குடுத்தா குறைச்சுத் தருவானாக்கும். நான் பேசி முடிச்சாச்சு!"

பூவாரில் என் அப்பா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீனுக்கு விலை சொல்ல மாட்டார். நீங்களோ அவன் இளித்த பல்லைப் பார்த்தே ரூபாயை நீட்டிவிட்டீர்கள்.

இதைச் சொன்னதற்குத்தான் நேற்று என் கன்னத்திலும் ஒன்று வைத்தீர்கள். உதடு கிழிந்துவிட்டது.

அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

டீனா

பின்குறிப்பு: வீட்டின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டு ஷைனாவிடம் உண்டு.

இன்னும் ஒன்று. காலையில் என் கிரெடிட் கார்டில் ஷார்ஜாவுக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கே நர்ஸ் வேலை எனக்குத்தானே கிடைத்திருக்கிறது, ஒன்றே போதும் என்று விட்டுவிட்டேன்.