வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி

பென்னலூர்,
9.8.2015, ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் கலைமணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். நீ புதுப் போன் கம்பெனியில் சேர்ந்த அந்த நொய்டாவில் எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரிய வேண்டும், "நல்லா கீறேம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே, உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, கண் எரிச்சல் எப்படி என்று தனித்தனியாக எழுது. வீட்டில் போன் இருக்கும்போது அம்மாவுக்குக் கடிதம் ஒரு கேடா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. அந்தப் போன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போன வாரம் நீ கூப்பிட்டபோது, இன்னாம்மா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கீது என்று கேட்டாயே, நானும் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேனே, அதுதான். போனில் சொன்னால் பாதியிலேயே, வுடும்மா வேற வாங்கிக்கலாம் என்று வெட்டிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

இன்றைக்கு நம் தெருவில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். காலையிலேயே உன்னோடு கம்பெனியில் இருந்த அமலா வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், அவளுக்கு ஒரகடத்தில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் வேலை கிடைத்து இன்று ஒரு நாள்தான் ஓ.டி. இல்லாமல் வீட்டில் இருந்தாள், உன்னைக் கேட்டாள். மாடி ரூமில் இப்போது பீகார் பையன்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்கள் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவர்களுக்கும் புரியாமல் கையைக் காட்டியே காலம் ஓடுகிறது, இன்று ஆளுக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று சொம்பை நீட்டினார்கள். அப்பாவுக்கு அந்தத் தோட்ட வேலைதான், கம்பெனி வாசலில் புல்லை வெட்டிக்கொண்டு கிடக்கிறார், முட்டி வலி அப்படியே இருக்கிறது. அங்கேதான் வினையும் வந்தது. குனிந்து குழாயைத் திறக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் நழுவிக் கல்லில் விழுந்து மேல் கண்ணாடி முழுக்க விரிசல் விட்டுவிட்டது. மனிதர் என்னிடம் சொல்லாமல் துண்டில் சுற்றி மறைத்து வைத்திருந்தார், சின்னப் பிள்ளை பலப்பத்தை உடைத்துவிட்டு நிற்பது மாதிரி நின்றார், எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

வேறு போனாக இருந்தால் போகிறது சனியன் என்று விட்டிருப்பேன் கலை. அது நீ தீபாவளிக்குக் கம்பெனி விலையில் வாங்கிக் கொடுத்தது. பெட்டியின் மேல் இருந்த நம்பரைப் பார்த்து, அம்மா இது எங்க லைன்ல வந்தது, டிஸ்பிளே நான் பார்த்து வுட்டது என்றாய். நிஜமாகச் சொன்னாயோ எங்களைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாயோ, அப்பா அன்றிலிருந்து அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத்தான் பேசுவார். நீ இங்கே போன் கம்பெனிக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வளையல் கூடாது, ஊக்கு கூடாது, பூ கூடாது, அதனால் கம்பெனி பஸ் ஹாரன் கேட்கிறவரைக்கும் வைத்திருந்துவிட்டுத் தலையிலிருந்து பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாய், நான் அதை என் கொண்டையில் சொருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி கேலிக்கு ஆளாவேன். திரும்பி வந்தால் கண் சிவந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு போனிலும் திரையை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பாய். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தட்டில் சோறு போடுவதற்கு முன்னால் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாய், நான், இன்னாடி, என் தட்டுக்கு பாஸா ஃபெயிலா என்று கேட்பேன், நீ யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டு பாஸ் என்பாய். இப்போதும் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது என்னை அறியாமல் ஒரு சாய்ப்புச் சாய்த்துப் பார்த்துவிடுகிறேன்.

அதுகூடப் பரவாயில்லை, அந்த நாற்காலிக் கதையை மறக்க முடியுமா. உங்கள் லைனில் டிஸ்பிளே பார்க்க ஒரே நாற்காலி, மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், நீ எழுந்தால் தங்கமாரி, அவள் எழுந்தால் சுகப்பிரியா. ஒருத்தி எழுந்திருக்கும்போது அடுத்தவள் உட்காருகிற அந்த ஒரு நிமிஷம்தான் உங்களுக்குள் பழக்கம். ஒரு நாள் நீ வந்து, எனக்கு அப்புறம் உட்கார்ற பொண்ணு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம வாந்தி எடுத்துக்கினே வேலை செய்யறாம்மா என்று சொன்னாய், மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாய், அடுத்த மாதம் அவள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாடி ரூமில் எந்த நேரமும் ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி குளிப்பாள், ஒருத்தி வேலையில் இருப்பாள். என் அடுப்பு அணைந்ததே கிடையாது. தங்கமாரி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைக்கக் கற்றுக் கொடுத்தாள், சித்தி உங்க ஊரு சாம்பார்ல சீனிதான் போடல என்று நக்கல் பண்ணுவாள், சுகப்பிரியா என் பழைய ரவிக்கையையெல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். நான் ஒரு பெண்ணைத்தான் பெற்றேன், ஆனால் மூன்று பெண்களின் ஈரத்துணி என் கொடியில் காய்ந்தது. கம்பெனியை மூடியபோது மூன்று பேரும் வேலைக்குப் போடுகிற அந்த நீலக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்களே, நான்தான் தட்டு போட்டு உங்களை எழுப்பினேன். இப்போது பஸ் ஹாரனும் இல்லை, பாழாய்ப் போன அந்தச் சத்தத்துக்காக எத்தனை நாள் திட்டியிருப்பேன்.

சரி, போனுக்கு வருகிறேன். அப்பா அதை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருக்கிற லைன் மொபைல் கேர் என்ற கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரன் பெயர் தளவாய், தெற்கத்திப் பையன். இவரைப் பார்த்ததும், வாங்க அண்ணாச்சி, நானும் அந்தக் கம்பெனிலதான் ஏழு வருசம் இருந்தேன், ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன் என்றிருக்கிறான். அவ்வளவுதான், உன் அப்பா உருகிப் போய்விட்டார். சிம்மைக் கழற்றவில்லை, சீட்டு வாங்கவில்லை, எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், லீலா, அவன் நம்ம கலை கம்பெனி ஆளு, கையில அந்தப் பட்டை கட்டிக்கினு கீறான், தெரியாதவன் கட்டுவானா என்றார். உங்கள் கம்பெனியில், உடம்பில் இருக்கிற கரண்டு போனுக்குள் இறங்காமலிருக்கக் கையில் ஒயர் வைத்த பட்டை கட்டாமல் யாரும் போனைத் தொடக்கூடாது என்று நீ சொல்லிச் சொல்லி, பட்டை கட்டியவனெல்லாம் யோக்கியன் என்று இந்த மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

ஒரு மணி நேரம் என்றவன் மூன்று நாள் இழுத்தான். முதலில் சாமான் வரவில்லை என்றான், பிறகு கண்ணாடி மட்டுமில்லை டிஸ்பிளேவே போய்விட்டது என்றான், பிறகு ஒரிஜினல்தான் போட்டிருக்கு அண்ணாச்சி என்று கொடுத்து அனுப்பினான். வீட்டுக்கு வந்து உன் போட்டோவைத் திறந்தால், கண்ணு, உன் மஞ்சள் புடவை பாசி பிடித்த மாதிரி தெரிகிறது, உன் முகம் செத்த முகம் மாதிரி நீலம் பாரித்துக் கிடக்கிறது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஓரத்தில் தொட்டால் தொட்டது தெரியவில்லை, பேசினால் கிணறு. அப்பா, புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்றார், செருப்பா பழகினால் சரியாக. நான் நீ செய்கிற மாதிரியே வெறும் வெள்ளைப் படம் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேல் மூலையில் கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் மகள் புள்ளி இருக்கிற டிஸ்பிளேவை விடமாட்டாள், இது எங்கள் வீட்டு டிஸ்பிளே இல்லை. சாயங்காலம் அமலாவிடம் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தளவாயா, அவன் பேக்கிங் ஆளாச்சே ஆன்ட்டி, டப்பாவுல சார்ஜரை வெச்சி மூடறவன், போனுக்கு உள்ளே இன்னா கீதுன்னு அவன் பார்த்ததே கெடயாது என்றாள். உடைந்தது மேல் கண்ணாடிதான், உள்ளே நல்லாயிருந்த டிஸ்பிளேவைக் கழற்றி எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டியிருப்பான், எடுத்ததில் வேறு கண்ணாடி ஒட்டி இன்னொருத்தனுக்கு விற்பான், இப்ப எல்லாக் கடையிலும் இதுதான் ஆன்ட்டி என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நானே கிளம்பினேன். அப்பா, வேணாம் லீலா, தகராறு ஆயிடும் என்றார், ஆகட்டும் என்றேன். கடையில் போய் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். பட்டை கட்டியிருந்தான், ஆனால் அதன் ஒயர் நுனி எங்கேயும் மாட்டாமல் அவன் மடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியை மேசையில் மாட்டினால்தான் அதற்குப் பெயர் பட்டை, இல்லாவிட்டால் வெறும் கயிறு என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏன்டா, அத்த யாருக்குக் காட்ட கட்டிக்கினு கீற, திருஷ்டிக் கயிறா என்று கத்திவிட்டேன். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எங்களுத எடு என்றேன். பழசெல்லாம் திருப்பித் தாறது கிடையாதுக்கா என்றான். அப்படின்னா நான் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்த கிராக்கி ரெண்டு பேர் என் முகத்தைப் பார்த்தே திரும்பிப் போய்விட்டார்கள்.

கடைசியில் அவனும் வெறுத்துப் போய்ப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். உள்ளே கழற்றிய டிஸ்பிளேக்கள், சிலதுக்குப் புதுக் கண்ணாடியும் ஒட்டிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான். உங்களுது எதுன்னு எனக்கே தெரியாதுக்கா, எல்லாம் ஒரே மாடல், நீங்களே பாத்து எடுத்துக்கோங்க என்றான். ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ பார்த்தது இந்தக் குவியலில் எங்கேயோ கிடக்கிறது, என் கைக்கு அகப்படவில்லையே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவன் வேலையை நிறுத்திவிட்டு, யாருக்கா உங்க மவ என்று கேட்டான். சொன்னேன். ரெண்டாம் லைன் கலைமணியா என்று எழுந்தே நின்றுவிட்டான். டிஸ்பிளே சரியில்லன்னா லைனையே நிறுத்திருவாவளே, எங்களுக்கு டப்பா வராது, கையக் கட்டிக்கிட்டு உக்காந்து அவகளத் திட்டுவோம்க்கா என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் முகம் சுருங்கியது. அந்தத் திட்டு இப்ப எங்கக்கா இருக்கு என்றான். மூடும்போது கம்பெனி கொடுத்த பணத்தையெல்லாம் இந்தக் கடையில் போட்டானாம், ஊரில் அம்மா இன்னும் அவன் கம்பெனியில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். இரக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை, அதுக்கு என் மகள் டிஸ்பிளேவை விற்பாயா என்று கேட்டேன். டின்னைக் கிளறினான். பிறகு மெதுவாக, இதுல எத எடுத்தாலும் அந்த லைன்ல வந்ததுதான்க்கா, இந்த மாடலு அங்க மட்டுந்தான் ஓடிச்சு, அந்த நாற்காலியத் தாண்டாம ஒண்ணும் எங்ககிட்ட வராது என்றான்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது கலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார். நீ இல்லாவிட்டால் தங்கமாரி, அவள் இல்லாவிட்டால் சுகப்பிரியா. டின்னில் கிடப்பது எதுவானாலும் என் சோற்றைத் தின்றுவிட்டுப் போன கண்தான் அதைப் பார்த்திருக்கிறது. நான் எதைத் தேடி அழுதேனோ அது ஒரு டின் நிறைய என் முன்னால் கிடந்தது. கண்ணாடி ஒட்டிய ஒன்றை எடுத்து, இதைப் போடு என்றேன். அந்த ஒயர் நுனியை மாட்டிவிட்டுப் போடு என்றும் சொன்னேன். அதற்கான கிளிப்பையே அவன் தேடித்தான் எடுத்தான். எதிரில் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்திருந்தேன். போட்டு முடித்ததும் வெள்ளையை வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. பாஸ் என்றேன், அவனும் சிரித்துவிட்டான். உன் புடவை மறுபடியும் மஞ்சளாகிவிட்டது. கிணறு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு வேறு சாமான் வர வேண்டுமாம், வரட்டும் பார்ப்போம், அதை மாட்டப் போகும்போது அவனுக்கும் ஒரு டப்பா சொதி கொண்டு போகலாம் என்று இருக்கிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே, கேலி பண்ணுவார்.

அங்கே உன் போன் எதுவும் கெட்டால் கையில் பட்டை கட்டியிருக்கிறானா என்று பார்க்காதே, நுனி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார், எதிரில் உட்கார், கழற்றியதைக் கையில் வாங்கு. கண்ணுக்கு வாரம் ஒரு தரம் நல்லெண்ணெய் வைத்துத் தலைமுழுகு, குளிர் வந்தால் கம்பளி வாங்கக் கஞ்சத்தனம் பண்ணாதே. வரன் பற்றி இப்போது எழுதினால் கடிதத்தைக் கிழித்துவிடுவாய், அதனால் தையில் நேரில் பேசிக்கொள்ளலாம். நீ தீர்க்காயுசாக, கண் குளிர, மனம் குளிர இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்று மட்டும் மறக்காதே. அங்கேயும் உனக்கு ஒரு நாற்காலி இருக்குமே, நீ எழுந்ததும் அதில் வந்து உட்காருகிற பெண்ணின் பெயரைக் கேட்டு எனக்கு எழுது, அவள் சாப்பிட்டாளா என்றும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. லீலா