கறுப்புப் பிளஷரும் உங்கள் ஆண்டவரும்

என்னங்க,

நேற்று மத்தியானம் கீழ்வேளூர் கடைத்தெருவில், மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாண ஊர்வலம் ஒன்று வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய கார்மேல் புது மோகம். எங்கிருந்தோ ஒரு கிழட்டுக் காரை வாடகைக்குப் பிடித்து, மல்லிகைச் சரத்தால் மூடி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதில் உட்காரவைத்திருந்தார்கள். கார் எனக்குப் பக்கத்தில் வந்து திணறி நின்றது. பூ வாசனையையும் மீறி ஒரு வாடை. வெயிலில் காய்ந்த ரெக்சின், பெட்ரோல், கொஞ்சம் கருகின எண்ணெய். உங்கள் சட்டை வாடை. நின்ற இடத்திலேயே அழுதிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? போங்கள். வயிறு எரிந்தது. தலை நரைத்துப் பல்லும் ஆடின பிறகு ஒரு காரைப் பார்த்து வயிறெரிகிற பொம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எரியாமல் என்ன செய்யும்? நான் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோதே நீங்கள் தனி ஆளாகவா இருந்தீர்கள்? ஏற்கெனவே இரண்டு பேர் உங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒன்று, பெரிய பண்ணையின் கறுப்புக் கார். இன்னொருவர், உங்கள் ஆண்டவர்.

முதலில் காரைச் சொல்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்பில் வண்டி ஓட்டப் பழகினவர் என்று பண்ணையார் உங்களை டிரைவராகப் பிடித்துப் போட்டிருந்தார். சீமையிலிருந்து வந்த வண்டி. ஊரில் எல்லோரும் அதைப் பிளஷர் என்பார்கள். நம் தெருக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத பெரிய தெருவில், நீங்கள் மட்டும் அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி போவீர்கள். பெண்டாட்டிக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். பண்ணை மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டே நான் பார்ப்பேன். அதற்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பழைய வேட்டியால் ஈரம் ஒற்றி, கண்ணாடியில் வாய் ஊதித் துடைத்து... பிள்ளைபெற்றவளுக்குக்கூட அப்படி யாரும் பணிவிடை செய்து நான் பார்த்ததில்லை. "அந்தச் சிறுக்கியக் குளிப்பாட்டி முடிச்சாச்சா?" என்று கேட்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பும் அதற்குத்தான், எனக்கு இல்லை.

காரையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அது வாய் பேசாது. அடுத்து நீங்கள் செய்வதுதான் எனக்குப் பொறுக்காது. வண்டியைக் கிளப்ப ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவதற்கு முன்னால், பானெட்டின்மேல் வலது கையை விரித்து வைத்து, கண்ணை மூடி, முணுமுணுப்பீர்கள். முகம் அப்படியே இளகிப்போகும். என் முகத்தைப் பார்த்து உங்கள் முகம் ஒருநாளாவது அப்படி இளகியிருக்குமா? "யாருகிட்டங்க பேசுறீங்க, வண்டிகிட்டயா, சாமிகிட்டயா?" என்றால், "ரெண்டு பேருகிட்டயுந்தான்" என்பீர்கள். என்ன பேசினீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

நீங்கள் என் அத்தை மகன்தான். ஆனால் அத்தை வீட்டார் வேதத்தில் சேர்ந்துவிட்டவர்கள். நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தவள். தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் வாங்கினால்தான் வேதக்கோயிலில் தாலி என்று உபதேசியார் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். எங்கள் வீட்டு வாசலிலேயே கட்டினீர்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் உள்ளே போவீர்கள், நான் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். என் பிடிவாதம் மதத்துக்காக இல்லை, தெரியுமா? சக்களத்தி வீட்டுக்கு எவளாவது வெற்றிலை பாக்கு வாங்கப் போவாளா? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நீங்கள் அவரிடம் பேசுகிற அந்தப் பேச்சில் எனக்கு ஒரு பங்கு. அது கிடைக்கவே இல்லை.

மெட்ராஸில் ஆட்சி மாறின புதுசு. கறுப்பு சிவப்புக் கரை வேட்டி டீக்கடைக்கு டீக்கடை தெரிந்தது. நம் பக்கத்து வயல்களில் செங்கொடியும் ஏறியிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் சம்பா அறுப்போம் என்று நம் தெரு உட்கார்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் என் அண்ணன். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார், கம்போடு வருவார்கள் என்று பேச்சு. நானும் வேலையை விட்டேன். நீங்கள் மட்டும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். குழாயடியில் பெண்கள் எனக்குக் குடம் வைக்க இடம் விடவில்லை. எத்தனை முறை உங்களிடம் சொன்னேன்! "வேண்டாங்க, விட்டுடுங்க" என்று கெஞ்சினேன். "வண்டி என்ன புள்ள பாவம் பண்ணுச்சு?" என்றீர்கள். கடைசியில் அழுதுகொண்டே கேட்டேன்: "எங்கண்ணன் ரத்தத்தயும் அந்த சீட்டுலேருந்து தொடச்சுட்டு வந்து எங்கூட உக்காந்து சோறு திம்பீங்களா?" காலையில் எழுந்து, வழக்கம்போலக் காரைக் கழுவப் போய்விட்டீர்கள்.

அன்றைக்குத்தான் ஆட்களை ஏற்றிவர ரயில் ஸ்டேஷனுக்குப் போகச்சொல்லி உத்தரவு. நாங்கள் பெண்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தோம். கார்க் கொட்டகை அங்கிருந்து தெரியும். பானெட்டில் கை வைத்தீர்கள். வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றீர்கள். ஹாண்டிலை எடுக்கவில்லை. பண்ணை வீட்டுக்குள் போனீர்கள். பண்ணையார் கத்தினது வாய்க்கால் வரைக்கும் கேட்டது. "எவன் சோத்தடா தின்ன இத்தன நாளா?" பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் வரப்பில் நடந்து வந்தீர்கள். சாவி உங்கள் கையில் இல்லை.

"என்ன ஆச்சு?" என்று ஓடிவந்து கேட்டேன்.

"விட்டுட்டேன். அவரு வேணாம்னுட்டாரு."

"எவரு?"

விரலை மேலே காட்டினீர்கள்.

அடப்பாவி மனுஷா! எனக்கு வந்த ஆங்காரத்தில் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "நான் நாக்கு வறளச் சொன்னப்ப ஒங்களுக்குக் காது செவுடு. அவரு ஒரு வார்த்த சொன்னா மட்டும் கேட்டுருச்சோ?" ஆட்கள் வேறு வண்டியில் வந்தார்கள். என் அண்ணன் தலையில் தையல் விழுந்தது. கட்டுப்போட்ட தலையோடு அவர் வந்து உங்களைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, நீ மனுஷன்யா" என்று அழுதார். தெருவே உங்களைக் கொண்டாடியது. உங்களோடு பேசாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அதன்பிறகு எந்தப் பண்ணையும் உங்களைச் சேர்க்கவில்லை. வாய்க்கால் தூர் வாரினீர்கள். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினீர்கள். ஸ்டீயரிங் பிடித்த கை கொப்பளித்துப்போயிற்று. சாயங்காலம் வந்து கஞ்சியைக் குடித்துவிட்டு, "போதும்" என்பீர்கள். "என்னா போதும்? கரண்டி சட்டியச் சொரண்டுது, அது காதுல விழுவலையா?" என்று பாய்வேன். "இன்னைக்குக் குடுத்தாரு. போதும் புள்ள." சொல்லிவிட்டுத் திருப்தியாகச் சுவரில் சாய்ந்துகொள்வீர்கள். நடிப்பு இல்லை. நிஜமாகவே உங்களுக்குப் போதுமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே சட்டிக் கஞ்சி. உங்களுக்கு வயிறும் மனசும் நிறைகிறது, எனக்கு இரண்டும் காய்கிறது. அப்படி என்னதான் அந்த மனுஷர் உங்களுக்கு ஊட்டிவிடுகிறார் என்று பொருமுவேன்.

கொஞ்ச வருஷம் கழித்து, கீழ்வேளூர் மளிகைக்கடைக்காரர் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி டாக்ஸியாக விட்டு, உங்களைக் கூப்பிட்டார். ஒருத்தி போய் இன்னொருத்தி வந்தாள். மறுபடியும் குளிப்பாட்டல், மறுபடியும் பானெட்டில் கை. ஓர் ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலாடப் போன குடும்பத்தோடு, முன்சீட்டில் இடம் இருக்கிறது என்று என்னையும் ஏற்றினீர்கள். அவர்கள் கடலுக்குப் போனதும் நாம் இரண்டு பேரும் உப்பளத்துப் பக்கம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். காற்று மணலை வாரி வாரிக் கண்ணாடியில் அடித்தது. விட்டால் இனி இப்படித் தனியாக அகப்பட மாட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"தெனமும் கைய வச்சு அவருகிட்ட என்னதாங்க கேக்குறீங்க?"

"கேக்குறது எங்க? கோள் சொல்றேன்."

"யாரப் பத்தி?"

"வேற யாரு, ஒன்னப் பத்தித்தான். இவ நேத்து இப்புடிச் சொன்னா, இன்னைக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா, நீரே பாத்துக்கும்னு."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "பண்ணையில சாவியக் குடுத்தீங்களே, அன்னைக்கு அவரு என்னா சொன்னாரு?"

ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். "அவரு ஒண்ணும் சொல்லல. எங்கண்ணன் ரத்தத்தத் தொடச்சுட்டு வந்து சோறு திம்பீங்களான்னு கேட்டியே, அத அப்புடியே அவருகிட்ட சொன்னேன். நீ சொன்னப்ப ஒறைக்கல புள்ள. என் வாயால சொல்லச் சொல்லத்தான் எனக்கே காதுல விழுந்துச்சு."

இன்னொருத்தியாக இருந்தால் உருகியிருப்பாள். எனக்கு இன்னும்தான் எரிந்தது. என் சொல் உங்கள் காதில் ஏற நடுவில் அவர் ஒருவர் வேண்டியிருந்ததா? "நல்லாத்தான் சமாளிக்கிறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீங்கள் போனபோது கல்லறைத் தோட்டத்தில் உங்களை வைத்தார்கள். "இப்பவாச்சும் மனசு வைங்கம்மா, அவரு பக்கத்துல ஒங்களுக்கும் எடம் வேணுமில்ல" என்றார் இப்போதிருக்கிற உபதேசியார். முடியாது என்றேன். உயிரோடு இருக்கும்போது தராத பங்கை மண்ணுக்குள்ளே வந்தா வாங்குவது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் எனக்கு நினைத்துப்பார்க்க இருந்ததெல்லாம் உங்கள் கார்கள்தான். பொறாமைக்குக்கூட ஆளில்லாமல்போன வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் தெரியுமா?

போன ஐப்பசி அடைமழையில், நீங்கள் மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று கடைசிவரை மாற்றாத அந்த உடைந்த ஓட்டு வழியாகத் தண்ணீர் நேராக அடுப்பில் விழுந்தது. உலை பாதி கொதித்திருந்தது. ஆத்திரமாக வந்தது. யாரிடம் சொல்வது? தாசில்தார் காதில் ஏறாவிட்டால் கலெக்டரிடம் மனு கொடுப்பதில்லையா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "ஐயா, அந்த மனுஷன் பண்ணின வேலயப் பாத்தீரா?"

எந்த மனுஷன் என்று அவர் கேட்பாரே! அவரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் ஒருவரா இருவரா? பெயரைச் சொல்லியாக வேண்டும். ரேஷன் கடையில் கார்டைத்தான் நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பெண்ணை விட்டுச் சொல்லச்சொல்வேன். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். இனிக் குறைய என்ன இருக்கிறது? ஈர அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து, உங்கள் பெயரைச் சொன்னேன்.

சொன்னதும் மடை உடைந்துவிட்டது. ஓட்டில் தொடங்கி, கறுப்புக் கார், சாவி, கஞ்சி, உப்பளம் வரைக்கும் ஒன்று விடாமல் கோள் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதிலும் விழுந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் இந்த மனுஷன் என்னைப் பற்றித்தானே அவரிடம் பேசியிருக்கிறார்! புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளை அவருக்கு எப்போதோ தெரியும். நான் கேட்ட பங்கு எனக்குத் தெரியாமலே எனக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அழுதேன், நன்றாக அழுதேன். சோறு பாதி வெந்து நின்றிருந்தது. அதையே தின்றேன். மனசு நிறைந்துதான் இருந்தது.

ஈஸ்டருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உபதேசியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பொறாமைதான் என்னைக் கூட்டிவந்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு அதெல்லாம்?

தினமும் அடுப்பு மூட்டும்போது உங்களைப் பற்றி அவரிடம் சொல்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லித்தான். இத்தனை வருஷத்தில் என் வாயால் அந்தப் பெயரை நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் தினமும் கேட்கிறார். இப்போது நீங்கள் பொறாமைப்படுங்கள்.