வலப்பக்கக் குழாய்

6 ஜனவரி 1964

புது டைரி. நடந்ததை நடந்தபடியே இதில் எழுதப் போகிறேன், எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும். அப்பா அவருடைய கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சொல்வதும் அதுதான்: "வள்ளி, பாத்தத எழுது. நெனச்சத எழுதாத."

அப்பா விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பள்ளி விட்டதும் நான் அங்கே போய், எலிக்கூண்டுகளின் புட்டிகளில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வேன். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்புவோம். கூண்டுக்கு இரண்டு குழாய். இடப்பக்கம் வெறும் தண்ணீர். வலப்பக்கம் சர்க்கரையும் ஸ்பிரிட்டும் கலந்த தண்ணீர். போன வருஷம் எலிகள் வலப்பக்கமே பழகிவிட்டன. குடித்துவிட்டுத் தள்ளாடும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தூங்கும். தீபாவளியிலிருந்து வேறு கூண்டுகளில் தண்ணீர் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம். பழைய கூண்டுக்குத் திரும்பினால் என்ன செய்யும்? மறந்திருக்குமா? அதுதான் அப்பாவின் கேள்வி.

11 ஜனவரி

பிச்சமுத்து மாமா ஜெயிலிலிருந்து வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. மதுவிலக்குக் கேஸ், ஆறு மாதம். இளைத்திருக்கிறார், ஆனால் கண் தெளிந்திருக்கிறது. "மறந்தே போச்சுக்கா" என்றார். அம்மா ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

20 ஜனவரி

அப்பா மாமாவுக்கு ஆய்வுக்கூடத்திலேயே தற்காலிக வேலை வாங்கித் தந்துவிட்டார். கூண்டு கழுவ வேண்டும், புட்டி நிரப்ப வேண்டும். ஸ்பிரிட் அலமாரியின் சாவி அப்பாவிடம் இருப்பதால் பயமில்லை என்று பேசிக்கொண்டார்கள். வேலை முடித்து மாமா எங்களுக்குப் பின்னால்தான் வருவார். அதுவரை அம்மா வாசல் விளக்கை அணைப்பதில்லை.

3 பிப்ரவரி

எலிகளைப் பழைய கூண்டுகளில் விட்டோம். புட்டி இன்னும் மாட்டவில்லை. காது கிழிந்த எலி, மாமா அதை மணியக்காரர் என்பார், நேரே போய் வலப்பக்கக் காலிக் குழாயை நக்கியது. விடாமல் நக்கியது. "அதுல ஒண்ணும் இல்லய்யா" என்று மாமா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

7 பிப்ரவரி

வலப்பக்கப் புட்டிகள் எல்லாமே அடிவரை காலி. போன வருஷத்தைவிட அதிகம். அப்பா மாநாட்டுக்குக் கட்டுரை எழுதப் போகிறாராம். பஸ்ஸில் எனக்குக் கடலை வாங்கித் தந்தார். அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

12 பிப்ரவரி

எலிகள் தள்ளாடவில்லை. இவ்வளவு குடித்த எலி எப்படி நேராக நடக்கிறது? அப்பாவிடம் கேட்டேன். பழகிவிட்டால் தள்ளாடாது என்றார். படித்தவர். இருக்கலாம்.

அசதியாக இருக்கிறது.

17 பிப்ரவரி

கடைசி வகுப்பு இல்லாததால் சீக்கிரம் போய்விட்டேன். போயிருக்க வேண்டாம். மாமா எலிப் புட்டியை, மூடியைக் கழற்றிவிட்டு, வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மணியக்காரருக்கு இன்னிக்கு வேணாமாம். அதான்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். குடித்தது தெரியாமலிருக்க மென்ற கிராம்பின் வாசனை அடித்தது.

"ஜெயில்ல ஒரு நாளும் தோணல பாப்பா. நெசமாவே மறந்துட்டேன். இங்க புட்டி கழுவுறப்ப அந்த வாசன கெளம்புது பாரு..." பிறகு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிராத. செத்துரும்."

சொல்லவில்லை.

20 பிப்ரவரி

அப்பா கட்டுரையில் பாதி எழுதிவிட்டார். அம்மா மாமாவுக்குப் புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள். நான் பார்த்தேன். நினைக்கவில்லை, பார்த்தேன். சொல்லாமல் இருப்பது பொய்யா? யாரைக் கேட்பது?

24 பிப்ரவரி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை மூடி வைத்தார். பிறகு கேட்டார், "அப்ப எலி குடிக்கவே இல்லியா?"

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. "எலியத்தான் மொதல்ல கேக்குறீங்க" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அப்பா தலையைத் தூக்கவேயில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. உளறினேன். "குடிச்சுச்சான்னு தெரியாதுப்பா. ஆனா அந்தக் காலிக் குழாய நக்குச்சு, நான் பாத்தேன். மாமாவ அந்தக் கூண்டுல நாமதான கொண்டு விட்டோம்? இங்க வச்சுக்க வேணாம்ப்பா. வேற எங்கயாச்சும்..."

எங்கே அனுப்புவது? மாமா குடி பழகியதே திருச்சி வந்த பிறகுதான். அம்மாவின் சித்தப்பா சின்னையன் தாத்தா முசிறியில் வாழை போடுகிறார். அங்கே என்று அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

27 பிப்ரவரி

மாமாவை முசிறி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். என்னைப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கையை மட்டும் நீட்டினார். எனக்கா, அம்மாவுக்கா?

அப்பா கட்டுரையைக் கிழித்துவிட்டார். இனி புட்டிகளை அவரே கழுவுவாராம்.

2 மார்ச்

யாரும் வரப்போவதில்லை. வாசல் விளக்கு எரிகிறது.

9 மே

சித்திரைத் தேர். முசிறி, லால்குடி ஜனமெல்லாம் ஸ்ரீரங்கத்தில்தான். காலையிலிருந்து அம்மா வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சின்னையன் தாத்தா வந்தார், தோளில் ஒரு வாழைத்தாரோடு. மாமா வரவில்லை.

"கூப்புட்டேன் அழகம்மா. திருச்சியில எறங்குனா காலு தானா அந்தப் பக்கம் போயிரும், நான் வரலன்னுட்டான். தாரு அவன் வெட்டுனது. உனக்குன்னு குடுத்தான்."

"குடிக்கிறானா?"

"அங்க வந்ததுலேர்ந்து இல்ல."

அம்மா தாரை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். தாத்தா சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது, இனிமேல் அவனைக் கூப்பிட வேண்டாம் என்றாள். தாத்தா சரி என்றார்.

கூட்டம் குறைந்துவிட்டது. தெரு முழுக்கத் தேங்காய் ஓடு. உடம்பெல்லாம் வலிக்கிறது. அம்மா இப்போதுதான் எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்தாள்.