ராஜா அழ வேண்டிய இடம்

9 செப்டம்பர் 1957, திங்கள்

காலையிலிருந்து மழை. துணிக்கடையில் ஆளே இல்லை. முதலாளி நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து, பூச்சி அரித்த சிவப்பு வெல்வெட்டைக் கேட்டேன். கொடுத்துவிட்டார். ராஜாவுக்கு அங்கி ஆயிற்று. இன்னும் வேண்டியவை: மீசைக்குப் பசை, ஜரிகை, வீட்டுக்காரி சரஸின் பழைய வளையல் (கேட்கப் பயம்).

சனிக்கிழமை மன்றத்தில் நாடகம், நான்தான் ராஜா. ஒன்பது வயதில் தோட்டத்துத் திருவிழாவில் ராஜபார்ட்டைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஆசை. பிறகு அப்பாவின் அடி, ஜப்பான்காரன் ஆட்சி, கல்யாணம். இப்போதுதான் வாய்த்திருக்கிறது. கடைசிக் காட்சியில் மகன் செத்த சேதி கேட்டு ராஜா புலம்புவார். சபை அழ வேண்டும். எனக்கு அது போதும்.

சேதி கொண்டுவரும் வீரன், பக்கத்து வீட்டு ஆறுமுகம். மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வம்சம். தச்சுவேலை. மேடை போட வந்தவன். பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். சின்னப் பிள்ளையில் காஜா பேராங் கோயிலில் நாடகம் பார்த்து, ஒரு சொல்லும் புரியாமல் அழுதானாம். ஒரு தடவையாவது மேடையில் தமிழ் பேச வேண்டுமாம். "அபாங், ஒரே ஒரு வரி." (மலாயில்தான் கேட்டான்; அபாங் என்றால் அண்ணன். அவன் பேச்சை நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.) மன்றச் செயலாளரோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தேன்.

12, வியாழன்

வெயில். கழுத்துப் பிடிப்பு. வீட்டிலேயே ஒத்திகை. அவனுக்கு ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், வரி எழுதிக் கொடுத்தேன்: "மன்னா! இளவரசர் மாண்டார்!" மாண்டார் என்றால் மண்டியா என்று கேட்கிறான். மலாயில் மண்டி என்றால் குளிப்பது.

சரஸ் அடுப்படியிலிருந்து, "இளவரசர் குளிக்கப் போனதுக்கா நீங்க இப்படி நெஞ்சுல அடிச்சுக்கிறீங்க?" சிரிப்பு வரவில்லை எனக்கு.

15, ஞாயிறு

எழுதவே மனமில்லை.

நேற்று கடைசிக் காட்சி வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முன்வரிசையில் ஒரு கிழவி முந்தானையை வாயில் வைத்துவிட்டாள். ஆறுமுகம் ஓடிவந்தான். என் முகத்தைப் பார்த்தான். வரி போய்விட்டது. ரேடியோவில் இரண்டு வாரமாகப் சுதந்திர நாட்டின் புது மன்னர் அகோங்கைப் பற்றியே பேச்சு, அதுதான் நாக்கில் நின்றிருக்க வேண்டும். மண்டியிட்டு, கூப்பிய கையை நெற்றிக்கு உயர்த்தி, "அம்புன் துவான்கு!" மலாய்க்காரர் சுல்தான் முன்னால் 'பொறுத்தருள வேண்டும் மன்னா' என்று சொல்வதை அப்படியே. கூடவே, "அனாக் ராஜா சுடா மாத்தி!"

மகன் செத்தது எல்லாருக்கும் புரிந்துதான் போயிற்று. கூரை பறக்கச் சிரிப்பு, கைதட்டல், விசில். நான் புலம்ப ஆரம்பித்தால் பின்னாலிருந்து ஒருவன், "துவான்கு, அழாதீங்க!" மறுபடி சிரிப்பு. கிழவியும் சிரித்தாள். நான் புலம்பியது எனக்கே கேட்கவில்லை.

இருபத்து நாலு வருஷ ஆசை. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

16, திங்கள்

இன்றைக்குப் பார்த்து ஆறுமுகம் தட்டு நிறைய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கொண்டுவந்தான், அவன் பெண்சாதி கொடுத்தனுப்பியது. முகமெல்லாம் பல். "எல்லாரும் கை தட்டினாங்க, அபாங்! தமிழ்தான் கொஞ்சம் ஓடிப்போச்சு." எனக்கு நடந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. தட்டை வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதுவும் கோபம்.

மாலை செயலாளர் வந்தார். மூவாரில் நாடகம் போடக் கேட்கிறார்களாம். "அந்த ஆள மட்டும் எடுத்துடுங்க. உங்க புலம்பல் ஜோரா எடுபடும்."

நாளை சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், மனசு குதித்தது.

17, செவ்வாய்

தூறல். குடை ரிப்பேருக்கு. ஆறுமுகத்திடம் சொல்லப் போனேன். மூவார் சேதி அவன் காதுக்கும் எட்டிவிட்டது; மரம் இழைத்துக்கொண்டே வரியை முணுமுணுக்கிறான். மாண்டார், மாண்டார். சொல்லாமல் வந்துவிட்டேன்.

செயலாளரிடமும் போகவில்லை.

18, புதன்

செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். "வேட்டி கட்டத் தெரியாத செட்டிக்கு எதுக்குத் தமிழ் நாடகம்?" சுருக்கென்றது. "அவன் இல்லன்னா நானும் இல்ல" என்றேன். என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். "சரி, ரெண்டு பேரும் வேணாம். ராஜா வேஷத்துக்கு ஆளா இல்ல?" என்று போய்விட்டார். அதோடு முடிந்தது. ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று வாசல் வரை போனேன். வெட்கம்.

சரஸிடம் சொன்னேன். அங்கியை மடித்து வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் ஆறுமுகம் வந்தான். "மூவாருக்குத் தயார், அபாங். கேளுங்க." முற்றத்தில் மண்டியிட்டான். "மன்னா! இளவரசர் மாண்டார்!" ஓரெழுத்து பிசகவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான். "இப்போ ராஜா அழணும்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

"பாகுஸ், பிரமாதம், அபாங்! மேடையில கூட இப்படி வரல!" கை தட்டுகிறான், நிறுத்தாமல்.