லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாணவர்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு, சித்தப்பா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய், இங்கே உன் அம்மாவும் நானும் இருக்கிற மட்டுக்கு சுகம். முனைவர் படிப்புக்கு உன்னை இரண்டு இடத்தில் கூப்பிடுவார்கள் என்று போன வருஷமே சொன்னேன், நான் லிஃப்ட் பழுது பார்க்கும் குடியிருப்பில் ஐம்பது பேர் சாட்சி, காவல்காரர் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டார் என்றாலும் சாட்சி சாட்சிதான். ஒன்று முப்பது மாணவர்களை வைத்திருக்கும் பெரிய பேராசிரியர், இன்னொன்று நாலே பேர் உள்ள சின்ன ஆய்வகம், அதை நடத்தும் அம்மையார் உன்னோடு ஒரு மணி நேரம் உராய்வைப் பற்றியே பேசினார்கள் என்றாய். அந்த உராய்வும் என்னால் வந்ததுதான். ஏழு வயதில் லிஃப்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்து நீ கேட்ட கேள்விக்கு எங்கள் கம்பெனி இன்ஜினியரே புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொன்னார்.

இந்த வாரம் உடம்பு அசந்துவிட்டது. பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால், அதைச் சரிசெய்ய வருகிறவன் படியேறித்தான் போகவேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்கு வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தம்பி, அவ சம்மதம் எழுதிட்டாளா என்று அண்ணி காலையில் கேட்டதையே சாயங்காலமும் கேட்கிறார்கள். நேற்று நீ போனில் அவர்களிடம், லிஃப்டில் மாட்டிக்கிட்ட அந்தப் பெரிய பேராசிரியரோட பழைய மாணவர் சித்தப்பாகிட்ட அவரைப் புகழ்ந்து சொன்னதே போதும்மா, வெள்ளிக்கிழமை பெரிய இடத்துக்கே எழுதிடறேன் என்றாயாம். அண்ணி நிம்மதியாகச் சாப்பிட்டார்கள், நான்தான் தட்டை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு கட்டடத்து லிஃப்டை நம்பலாமா என்று தெரிய நான் கதவின் பளபளப்பைப் பார்ப்பதில்லை, மெஷின் ரூமில் தொங்கும் பராமரிப்பு அட்டையைப் பார்ப்பேன், எத்தனை தடவை நின்றது, எதனால் என்று. ஆய்வகத்துக்கு அந்த அட்டை, பாதியில் விட்டுப் போனவர்கள். இரண்டு இடத்திலும் அவர்களைத் தேடிப் பிடித்து நீயே கேள், பேராசிரியரை மாதத்துக்கு எத்தனை முறை நேரில் பார்த்தார்கள், படித்து முடிக்க எத்தனை வருஷம் இழுக்கிறது, உராய்வுக்கு என்று வந்தவரை வேறு வேலையில் தள்ளினார்களா என்று. அதுவரை கையெழுத்துப் போடாதே. இதையெல்லாம் போனில் பேசாமல் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பேசினால் என் வாய் தானாக இரண்டு மாடி கூட ஏறிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, எந்த இடத்தில் படித்தாலும் நீ நன்றாக வருவாய், அதற்கு என் ஆசீர்வாதம் முழுக்க உண்டு. வெள்ளிக்கிழமையை மட்டும் மறக்காதே. பெரிய பேராசிரியரின் பேரை எல்லா மாடியிலும் சொல்லிவைத்துவிட்டேன், நீ சின்ன இடத்துக்குப் போனால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் போன வாரம் உன்னிடம் அந்த மாணவர் புகழ்ந்தார் என்று சொன்னேன். அன்றைக்கு லிஃப்ட் நாற்பது நிமிஷம் நின்றது நிஜம். திறந்தபோது உள்ளே யாரும் இல்லை, குட்டிம்மா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா