ரகசியம் என்றொரு அக்கா

ஜனவரி 4

வாண்டுவின் அப்பாவுக்கு,

எட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். நம் மகள் நன்றாக இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது. என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். சாப்பிட மட்டும் பத்துத் தடவை கூப்பிட வேண்டும்.

தொண்டையில்தான் மாற்றமில்லை. குரல் நாண்களில் மரு முளைப்பதும், மயக்கம் கொடுத்து எடுப்பதும், நாலைந்து மாதத்தில் திரும்ப முளைப்பதுமாக இருபத்திரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது மூச்சுக்குழாயின் வாசல் வரை இறங்கியிருக்கிறது. போன் செய்தால் இவளிடம் கொடுக்கச் சொல்வீர்கள், இவள் பேசினால் வெறும் காற்றுதான் கேட்கும். அதனால்தான் கடிதம்.

புது டாக்டரம்மா வேறு மாதிரி சொல்கிறார். "இந்த வைரஸ் ஊரெல்லாம் இருக்கும்மா. முக்கால்வாசிப் பேர் உடம்பு அதைத் துரத்திடும். உங்க பொண்ணு உடம்புக்குத் துரத்தத் தெரியல. ஏன்னு பார்க்கணும்," என்றார். மரபணுவிலேயே வந்த குறையாக இருக்கலாமாம். காரணம் தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாமாம். அதற்கு என் ரத்தமும் வேண்டும், உங்கள் ரத்தமும் வேண்டும்.

"பிரசவத்துல தாய்கிட்டேருந்து தொத்தியிருக்கலாம்" என்று பழைய டாக்டர் சொன்ன அன்று, நீங்கள் என்னைப் பார்த்து "உன்னாலதான்" என்றீர்கள். அடுத்த மாதம் வெளியூரில் வேலை என்று போனவர்தான். அதைக் கிளற இதை எழுதவில்லை. இத்துடன் இருக்கும் ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பி, ரத்தம் கொடுத்து, அனுப்பிவையுங்கள்.

குழந்தையின் அம்மா


ஜனவரி 13

அன்புள்ள திருத்தத்துக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்திவிட்டு, வீட்டுக்கு வந்து என் மளிகைச் சீட்டையும் திருத்தியவளை வேறெப்படிக் கூப்பிடுவது?

கடிதம் வந்த அன்றே ரத்தம் கொடுத்துவிட்டேன். படிவம் இத்துடன் இருக்கிறது.

நான் பராமரிக்கும் லிஃப்டுகளில் ஒன்று பேசும். "ஆறாவது மாடி" என்று ஒரு பெண் குரல் பிசிறில்லாமல் சொல்லும். பழுது பார்த்துவிட்டுச் சோதிக்கும்போதெல்லாம் வாண்டுவின் குரலை நினைத்துக்கொள்வேன். நாலு வயதில் கேட்டது. "அப்பா, தூக்கு" என்பாள். தூக்கி வைத்துக்கொண்டால்தான் அவள் பேசுவது காதில் விழும். அதற்காகவே தூக்குவேன். எனக்கு அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

அன்று சொன்னதற்கு மண்ணித்துவிடு.

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 26

வணக்கம்.

முடிவு வந்துவிட்டது. இவளிடம் ஒரே மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. ஒன்று நான் கொடுத்தது, ஒன்று நீங்கள் கொடுத்தது. ஒன்று மட்டும் பழுதாகியிருந்தால், நம் இருவரையும் போல ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்திருப்பாள். "யார் மேலயும் தப்பில்லம்மா" என்று டாக்டரம்மா சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். எட்டு வருடமாக, தூங்குகிற குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

புது மருந்தை ஏப்ரலில் தொடங்குகிறார்கள்.

இரண்டு சங்கதி. மன்னிப்புக்கு மூன்று சுழி வராது. நீங்கள் எழுதியதில் மண்தான் இருக்கிறது. இன்னொன்று, "குடும்பத்தில் சிறு வயதிலிருந்தே குரல் கம்மியவர் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "இல்லை"க்கு முன்னால் ஒரு மைப்புள்ளி இருக்கிறது, பேனாவை ஊன்றிக்கொண்டு யோசித்த புள்ளி. எட்டு வருடம் முன்பு நீங்கள் நிரப்பிய படிவத்தையும் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் புள்ளி. பிழை தேடியே பழகிய கண், விடமாட்டேன் என்கிறது. என்ன அது?

குழந்தையின் அம்மா


மார்ச் 7

அன்புள்ள திருத்தத்துக்கு,

உன்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று தெரிந்தும் மறைத்தேன்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். எனக்கு ஐந்து வயதாகும்போது போய்விட்டாள், அவளுக்கு ஏழு. "தண்ணி குடு" என்பதைக்கூட ரகசியம் சொல்வது போலத்தான் சொல்வாள். அதனால் வீட்டில் எல்லாரும் அவளை "ரகசியம்" என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அவளுடைய வேறு பெயர் தெரியாது. அது நோய் என்று யாரும் நினைக்கவில்லை, அது அவள் பெயர். ஒரு நாள் மூச்சுத் திணறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பா அவள் பேச்சையே எடுக்க விடவில்லை.

வாண்டு முதன்முதலில் "அப்பா" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே குரல். படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேனா நின்றது. எழுதினால் பழி என் பக்கம் வரும் என்று பயந்தேன். அதைவிட, அக்காவைப் போல இவளும் போய்விடுவாளோ என்று பயந்தேன். பழியை உன் தலையில் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவ்வளவுதான் நான்.

மன்னிப்புக் கேட்கிறேன். வாண்டுவை ஒரு முறை பார்க்க வரலாமா?

லிஃப்ட்காரன்


மார்ச் 19

வாண்டுவின் அப்பாவுக்கு,

மன்னிப்பை இந்த முறை சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பிழையில்லை என்பதற்காக எந்தப் புரூஃபும் தானாக அச்சுக்குப் போய்விடாது. ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் இன்னும் போடவில்லை. உங்கள் மேல் கோபம் தீரவில்லை. உங்களைத் தேடாத நாளும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் அக்காவைப் பற்றி இவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே வந்து, "அத்தை என்னென்ன பேசுவாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்குமாம்மா?" என்றாள்.

"உங்கப்பாவுக்கு இருக்கும்."

"அப்போ வரச் சொல்லு."

புது மருந்துக்கு முன்னால், இருக்கிற மருவை எடுத்துவிட வேண்டுமாம். ஏப்ரல் இரண்டாம் தேதி ஆபரேஷன். அதன் பிறகு ஐந்து நாள் இவள் வாயே திறக்கக் கூடாது. துணைக்கு நானும் வீட்டில் பேசுவதில்லை, ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அந்த ஐந்து நாளில் வாருங்கள். நீங்களும் பேசக் கூடாது. உங்கள் வாயால் ஒரு சமாதானமும் கேட்க எனக்கு இப்போது தெம்பில்லை. ஆனால் நீங்கள் வீட்டுக்குள் நடமாடும் சத்தத்தைக் கேட்கலாம். அதைக் கேட்டும் எட்டு வருடம் ஆகிறது.

நாங்கள் எழுதிப் பேச இரண்டு சிலேட்டு வைத்திருக்கிறோம். மூன்றாவதை நேற்று வாங்கினேன். அக்கா பேசியதையெல்லாம் இவளுக்கு எழுதிக் காட்டுங்கள். எழுத்துப் பிழை வந்தால் நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

திருத்தம்